பூச்சி, மருந்து, முனி: செட்டிநாட்டு வயல்வேலையில் ஆபத்து பற்றிய நம்பிக்கைகள்

செட்டிநாட்டுக் கிராமங்களில் பொழுது சாய்ந்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்வதில்லை. ‘பூச்சி’ என்பார்கள். பேரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். திண்ணையில் உட்கார்ந்து பேசும்வரை இதனால் யாருக்கும் நட்டமில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் போய் ‘கால்ல ஏதோ பூச்சி கடிச்சிருச்சு’ என்று சொல்லும்போதுதான் வினை. கேட்பவர் தேளா, பூரானா, குளவியா என்று யோசிப்பார். ஒரு ஊசி போட்டு உட்கார வைத்துவிடக்கூடும்.

அதே ஊரில் பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிக்குப் பெயர் ‘மருந்து’. அதை விற்கும் கடை ‘மருந்துக்கடை’. ஆக, விஷமுள்ள பாம்பு பூச்சியாகிவிட்டது. பூச்சியைக் கொல்லும் விஷம் மருந்தாகிவிட்டது. ஆபத்தைப் பற்றிய நம்பிக்கை என்பது பெரும்பாலும் கோயிலில் இல்லை, இப்படி வாயில் புழங்கும் சொல்லிலேயே இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கைகளைப் பற்றியது. எதை நம்பலாம், எதை விடலாம் என்று பட்டியல் போடுவது நோக்கமில்லை. ஒரு நம்பிக்கை வயலில் இறங்கியவரின் கையையும் காலையும் என்ன செய்ய வைக்கிறது, எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

ஆபத்து வேறு, இடர் வேறு

முதலில் இரண்டு சொற்கள். வரப்பு ஓரத்து எலிவளையில் நல்ல பாம்பு இருக்கிறது. அது ஆபத்து. அந்த வரப்பில் இருட்டில், விளக்கில்லாமல், வெறுங்காலோடு நடக்கிறோம். அது இடர். பாம்பு அங்கேயேதான் இருக்கிறது. டார்ச்சும் தடியும் காலில் பூட்ஸும் வந்தால் இடர் மட்டும் குறைகிறது. தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு பாதிப்பு, இந்த இரண்டும் சேர்ந்ததே இடர்.

உழவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. செட்டிநாடு செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. கண்மாயும் வானமும் பார்த்து ஒரு போகம் நெல், மேட்டில் கடலை, மிளகாய். வடகிழக்குப் பருவமழை தவறினால் போட்ட முதல் போச்சு. இந்த மண்ணுக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உலர்நில ஆராய்ச்சி நிலையம் செட்டிநாட்டில் இருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். இப்படிப்பட்ட இடத்தில் ‘ஆபத்து’ என்ற சொல் காதில் விழுந்ததும் உழவர் மனதில் முதலில் வருவது பயிர்தான், தன் உடம்பு பிறகுதான். ஆவணி, புரட்டாசியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பவரிடம் கையுறை போடச் சொன்னால் அவர் சிரிப்பதற்குக் காரணம் அறியாமை இல்லை. அவர் வேறொரு ஆபத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அதனால்தான் இங்குள்ள சடங்குகளில் பெரும்பகுதி பயிரையும் மாட்டையும் ஊரையும் காப்பவை. சித்திரையில் நல்லேர் பூட்டுவது, அய்யனாருக்கு மண்குதிரை செய்து தூக்கிப்போகும் புரவி எடுப்பு, களத்தில் ‘பொலி’ சொல்லி நெல் அளப்பது எல்லாமே அந்த வகை. உடம்புக்கென்று இருப்பவை குறைவு. இருப்பவற்றில் மிகப் பழையதும் இன்றும் உயிரோடு இருப்பதும் பாம்பைச் சுற்றியது.

பாம்புக்கடியும் மந்திரமும்: ஒரு எளிய கணக்கு

பாம்பு கடித்தவரை மந்திரிப்பவரிடம் கூட்டிப்போகும் வழக்கம் ஏன் சாகவில்லை? ‘படிப்பறிவு இல்லை’ என்பது சோம்பேறித்தனமான பதில். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். இந்திய மருத்துவ வழிகாட்டிகளில் சொல்லப்படும் தோராயக் கணக்கு இது: பாம்புக்கடிகளில் 70 விழுக்காடு விஷமில்லாத பாம்புகளால் வருபவை. மீதி 30-இலும் பாதியில்தான் விஷம் உடம்பில் ஏறுகிறது. அதாவது மந்திரிப்பவரிடம் 100 பேர் போனால், அவர் எதுவுமே செய்யாவிட்டாலும் ஏறத்தாழ 85 பேர் நன்றாக வீடு திரும்புவார்கள். அந்த 85 பேரும் ஊர் ஊராகச் சாட்சி சொல்வார்கள். மீதிப் பேரில் இறந்தவருக்கு ‘நேரம் முடிஞ்சிருச்சு’ என்று ஒரு விளக்கம் தயாராக இருக்கும். 85 சாட்சிகளுடைய நம்பிக்கையை ஒரு சுவரொட்டி அசைத்துவிடாது.

சோதனையும் உண்டு. வேப்பிலையையோ சிறியாநங்கையையோ மிளகையோ மெல்லக் கொடுப்பார்கள். கசந்தால், உறைத்தால் விஷம் ஏறவில்லை, சப்பென்றிருந்தால் ஏறிவிட்டது. விஷம் நாக்கின் சுவையை அப்படி மாற்றுவதில்லை. பயத்தில் வாய் உலர்ந்தவருக்கு எதுவும் சப்பென்றுதான் இருக்கும். கண்ணாடி விரியன் கடித்தவருக்கும் வேப்பிலை கசக்கத்தான் செய்யும். மருத்துவமனையிலும் ஒரு எளிய சோதனை இருக்கிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கும்போது ரத்தம் உறையாமல் ஓடினால், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் வேலை செய்கிறது. இரண்டு சோதனையும் ‘விஷம் ஏறியதா’ என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. ஒன்று நாக்கைக் கேட்கிறது, மற்றது ரத்தத்தைக் கேட்கிறது.

இந்தப் பகுதியில் தெரிந்திருக்க வேண்டிய பாம்புகள் நான்கு.

நல்ல பாம்பு எலியைத் தேடி வளைக்கும் வைக்கோல் போருக்கும் வரும். ‘பகை வச்சாத்தான் தீண்டும், மத்தபடி ஒண்ணும் செய்யாது’ என்பது பேச்சு. பாம்புக்குப் பகை தெரியாது, மிதித்தால் கடிக்கும்.

கட்டுவிரியன் கருத்த உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்களோடு இருக்கும். இரவில் நடமாடும். கடலைக் காவலுக்குக் கொட்டகையில் தரையில் படுத்தவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு கண் இமை தொங்கல், விழுங்க முடியாமை. ‘ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை’ என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தரையில் படுத்தவருக்கு விடியலில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைத் தொங்கலும் வந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கயிற்றுக் கட்டிலும், ஓரம் மடக்கிச் செருகிய கொசுவலையும் இருந்தால் இந்தக் கடியே பெரும்பாலும் நேராது.

கண்ணாடி விரியன் தை அறுவடையில் தாளுக்கிடையிலும் அரிக்குவியலுக்கு அடியிலும் கிடக்கும். பருமனாக இருப்பதால் மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்தவர்கள் உண்டு. சுருட்டை விரியன் சிறியது, சரளைமேட்டில் கல்லுக்கடியில் சுருண்டு கிடக்கும். ‘குட்டிப் பாம்புதானே’ என்பதே அதன் பலம்.

சாரைப்பாம்பு நல்ல பாம்புக்கு ஜோடி என்று சொல்லி அடித்துக் கொல்வது இன்னொரு வழக்கம். இரண்டும் வேறுவேறு இனம், ஜோடி சேராது. சாரைக்கு விஷமில்லை, வயலில் எலி தின்பது அதன் முக்கிய வேலை. அதைக் கொன்றால் எலி பெருகும், எலியைத் தேடி நல்ல பாம்பு வரும். இந்த விஷயத்தில் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைத்து, அந்த இடத்தில் ஏர் ஓட்டாமல் ஒதுங்கிப்போகிற வழக்கம் மேல். பாம்பு பால் குடிக்கிறதா என்பது வேறு கதை. மனிதக் கால் அங்கே போவதில்லை, அதுவே லாபம்.

கடித்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோதிரம், மிஞ்சி, கொலுசு, அரைஞாண் தவிர்த்த கயிறுகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கினால் அவை இறுக்கும். கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். நடக்கவிட வேண்டாம். இறுகக் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. விஷத்தை ‘மேலே ஏறாமல்’ நிறுத்தக் கட்டும் கயிறு ரத்த ஓட்டத்தையும் நிறுத்துகிறது. கண்ணாடி விரியன் விஷம் ஒரே இடத்தில் தங்கிச் சதையை அழுக வைக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமானால், இருசக்கர வண்டியில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம்.

பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புக்கும் சேர்த்தே செய்யப்படுகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் விஷத்திலிருந்துதான் அதில் பெரும்பங்கு தயாராகிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே, ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருத்துவமனையில் நுழைந்ததும் ‘பூச்சி’ வேண்டாம். ‘பாம்பு கடிச்சிருச்சு, இத்தனை மணிக்கு’ என்று சொல்லுங்கள். தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியதால், அந்தச் சொல் பதிவேட்டிலும் ஏற வேண்டும்.

மந்திரிப்பவரோடு சண்டை போட வேண்டாம். வீட்டார் மனசு கேட்காவிட்டால், திருநீற்றை வண்டி கிளம்பிய பிறகு பூசிக்கொள்ளட்டும். நெற்றியில் திருநீறு இருப்பதால் ஊசி வேலை செய்யாமல் போகாது. திருநீற்றுக்காக அரைமணி நேரம் போனால்தான் போச்சு.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கு

வயலும் களமும் லட்சுமி. செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது. இந்த நம்பிக்கையைக் கேலி செய்யும் பாதுகாப்புப் பயிற்சிகள் பல உண்டு. அதனாலேயே அவை தோற்றுப்போகின்றன. சேற்றுக்குள் முழங்கால்வரை இறங்கி நாற்று நடும்போது பூட்ஸ் உண்மையிலேயே உதவாது. சேறு கவ்வி இழுக்கும், காலை எடுத்தால் பூட்ஸ் அங்கேயே நிற்கும். கடி நேர்வது பெரும்பாலும் வரப்பிலும் ஒற்றையடிப் பாதையிலும் உலர்ந்த தாளிலும்தான். ஆகவே வீட்டிலிருந்து வரப்புவரை பூட்ஸ், நடவுக்கு இறங்கும்போது கழற்றிக் கரையில் வைப்பது, திரும்ப மாட்டுவதற்கு முன் தலைகீழாகத் தட்டுவது. லட்சுமியும் கோபிக்க மாட்டாள்.

வெறுங்காலுக்கு வேறு விலையும் உண்டு. எலிச் சிறுநீர் கலந்த வயல்தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசுவார்கள்; எண்ணெய்ப்பூச்சு ஈரத்தைக் கொஞ்சம் தடுக்கும், தீங்கில்லை. கருவமுள் குத்திய இடத்தில் எருக்கம்பால் விடுவதில்தான் கவனம் வேண்டும். அந்தக் கை கண்ணில் பட்டால் கருவிழி வெந்துபோகும். சாணி, மண், காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவி, ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள்.

‘மருந்து’ அடிக்கும் நாள்

இதில் சாமி இல்லை, பேய் இல்லை, சடங்கு இல்லை. ஆனால் நம்பிக்கைகள் நிறைய.

‘வயித்துக்குள்ள போனாத்தான் விஷம்.’ வயலில் பெரும்பாலான விஷம் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை மனிதத் தோலில் வைத்துச் செய்த ஒரு பழைய ஆய்வில், முன்கைத் தோலைவிட நெற்றி சுமார் நான்கு மடங்கும், விரைப்பகுதி பத்து மடங்குக்கு மேலும் உறிஞ்சின. இப்போது நம்மூர்க் காட்சியை நினைத்துப் பாருங்கள். மடித்துக் கட்டிய கைலி, வெற்று முதுகு, மூடி சரியாக இறுகாத தெளிப்பான், அதிலிருந்து முதுகு வழியாக இடுப்புக்கு வழியும் கரைசல். முகமூடி போட்டவரும் மூக்கைத்தான் காக்கிறார். விஷம் இடுப்பு வழியாகப் போகிறது. முதல் வேலை, நல்ல தண்ணீரை ஊற்றி, தோளில் மாட்டி, குனிந்து நிமிர்ந்து ஒழுகுகிறதா என்று பார்ப்பது. மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், சில ரூபாய்தான். முதுகுக்கும் டேங்குக்கும் இடையே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, கைலிக்குப் பதில் முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை.

‘நெடி அடிச்சாத்தான் வீரியம்.’ நெடி பல நேரம் மருந்தைக் கரைக்கச் சேர்த்த திரவத்தினுடையது. நெடியே இல்லாத கடும் விஷங்கள் இருக்கின்றன. வீரியத்தைச் சொல்வது புட்டியில் உள்ள சாய்சதுரம். அதன் கீழ்ப்பாதி முக்கோணம் சிவப்பானால் மிகக் கடுமை: உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் வாய்வழி போனாலே சோதனை விலங்குகளில் பாதி இறந்துவிடும் அளவு. அடுத்து மஞ்சள் 51 முதல் 500, நீலம் 501 முதல் 5000, பச்சை அதற்கும் மேல். பச்சை என்றால் இயற்கை மருந்து என்று அர்த்தமில்லை; விஷம் குறைவு, அவ்வளவுதான்.

‘கொஞ்சம் தூக்கலா ஊத்து.’ அளவு பெரும்பாலும் மூடிக் கணக்கு. ஒவ்வொரு புட்டியின் மூடியும் ஒவ்வொரு அளவு. சரியான கணக்கு சிறு வாய்ப்பாடுதான். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், டேங்க் 16 லிட்டர் என்றால் பன்னிரண்டரை டேங்க். புட்டியில் ஏக்கருக்கு 500 மில்லி என்று போட்டிருந்தால் டேங்குக்கு 40 மில்லி. கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று வாங்கி, அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் மோட்டார் கொட்டகையிலேயே தொங்கவிடுங்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அடிக்கும்போது வெற்றிலை, புகையிலை, பீடி கூடாது. அடைத்த நாசிலை வாயால் ஊதிச் சுத்தம் செய்வதை இன்றும் பார்க்கலாம். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும்.

‘மோர் குடிச்சா முறிஞ்சிரும்.’ முறியாது. வாயில் எச்சில் ஊறுவது, கண்ணில் நீர், கொட்டும் வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, ஊசிமுனைபோலச் சுருங்கிய கண்பாப்பா, இவை பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறியதற்கான அடையாளங்கள். நரம்பு தசைக்கு அனுப்பும் சமிக்ஞையை அணைக்கும் நொதியை அது கட்டிப்போடுவதால், எல்லாச் சுரப்பியும் திறந்தபடியே நிற்கின்றன. உடனே துணியைக் களைந்து, சோப்புப் போட்டு 15 முதல் 20 நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையாவது கட்டிக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியை, இல்லாவிட்டால் அதன் லேபிளைக் கையோடு எடுத்துப்போங்கள். முறிவு மருந்தான அட்ரோபின் போடுவதா, எவ்வளவு போடுவது என்பதை மருத்துவர் தீர்மானிக்க அது தேவை.

இந்த இடத்தில் கடைசியாக ஒன்று, ஆனால் முக்கியமானது. ‘மருந்தடிக்கிறது ஆம்பளை வேலை’ என்பதும் ஒரு நம்பிக்கைதான். அதனால் பயிற்சி, முகமூடி, எச்சரிக்கை எல்லாம் ஆண்களுக்குப் போகிறது. மறுநாள் காலையில் அதே மிளகாய்த் தோட்டத்தில் வெறுங்கையோடு களை எடுப்பவர், பழம் பறிப்பவர், அந்தச் சட்டையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைப்பவர் எல்லாம் பெண்கள். அடித்த வயலில் எத்தனை நாள் நுழையக் கூடாது என்று லேபிளில் இருக்கும். எழுதாவிட்டாலும் ஒரு முழு நாளாவது யாரும் இறங்க வேண்டாம். அடித்த வயலின் மூலையில் ஒரு சிவப்புத் துணியைக் கம்பில் கட்டிவிடுங்கள். கூலிக்கு வரும் ஆத்தாமாருக்கு அதன் அர்த்தத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள். அடித்தவரே துவைத்தால் இன்னும் நல்லது.

உச்சிவேளை முனியும் கிணற்றுக் கன்னிமாரும்

உச்சிப்பொழுதில் முனி நடமாடும். ஒற்றையாகக் கண்மாய்க் கரைக்கும் பனங்காட்டுக்கும் போகக் கூடாது. இது காரியத்தில் நல்ல நம்பிக்கை. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை செம்மண் மேட்டில் அடிக்கும் வெயிலில் வேலை நிறுத்தவைக்கும் எதுவும் நல்லதே. தனியாகப் போகாதே என்பது இன்னும் நல்லது: மயங்கி விழுந்தால் பார்க்க ஆள் வேண்டும்.

சிக்கல் எப்போது என்றால், விழுந்த பிறகு. ‘முனி அடிச்சிருச்சு’ என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் நேரம் போகிறது. உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பவாதம். நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெயில் மயக்கமா, பூச்சிக்கொல்லியா என்ற சந்தேகம் வந்தால் கண்பாப்பாவையும் எச்சிலையும் பாருங்கள். வருமுன் காக்க, உப்புப் போட்ட நீராகாரத்தைவிட மலிவான பானம் இல்லை. ‘வேர்வையோட தண்ணி குடிக்காதே’ என்பதை மட்டும் விட்டுவிடலாம். கால்மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர், தாகம் எடுக்கும்வரை காத்திராமல்.

கிணறு கொஞ்சம் நுணுக்கமான விஷயம். புழங்காத பழைய கிணற்றில் கன்னிமார் இருப்பதாகவும், சூடம் காட்டாமல் இறங்கினால் இழுத்துக்கொள்வதாகவும் சொல்வதுண்டு. உள்ளே ‘இழுப்பது’ காற்று. அடியில் அழுகும் சருகும் தழையும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டு, காற்றைவிடக் கனமான கரியமில வாயுவை விடுகின்றன. அது கிணற்றுக்குள் தேங்கி நிற்கும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, 19.5-க்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது என்பது பாதுகாப்புக் கணக்கு.

பெரியவர்கள் கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். பாதி சரியான சோதனை. சுடர் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் அணையும். அதாவது விளக்கு அணைந்தால் நிச்சயம் இறங்காதே. எரிந்தால் இறங்கலாம் என்று பொருளில்லை: 17-இலும் விளக்கு எரியும், மனிதன் தடுமாறுவான். கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதை விளக்கு காட்டவே காட்டாது. எரியும் வாயு இருந்தாலோ விளக்கே வினையாகிவிடும்.

இதில் உயிர்கள் இரண்டு மூன்றாகப் போவதற்குக் காரணம் பாசம். தம்பி விழுந்தான் என்று அண்ணன் இறங்குவார், அண்ணனைத் தூக்க மச்சான் இறங்குவார். முதல் ஆளைச் சாய்த்த அதே காற்றுதான் மூவருக்கும். இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டி, மேலே இழுக்க இரண்டு பேர் நின்றால், விழுந்தாலும் யாரும் இறங்காமல் இழுத்துவிடலாம். கயிறு இல்லாமல் விழுந்துவிட்டால், தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112. வரும்வரை ஊதுகுழல் விசிறியால் காற்றை உள்ளே செலுத்துங்கள்.

இடி

‘அர்ஜுனா அர்ஜுனா’ என்று சொல்வதில் தவறில்லை. கூடவே எண்ணவும் செய்யலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மழைமேகம் பத்துக் கிலோமீட்டருக்குள். நடவை விட்டுக் கரையேற வேண்டியதுதான். பனைமரத்தடி கூடாது, தனித்த கொட்டகை கூடாது. கடைசி இடிக்குப் பின் அரைமணி கழித்து இறங்கலாம்.

எலுமிச்சம்பழமும் டிராக்டரும்

ஆயுதபூசையன்று டிராக்டர் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை நசுங்கும், முன்னால் மிளகாய் தொங்கும். கண்ணேறு படாது. சரி. ஆனால் டிராக்டரில் உயிர் போகும் வழிகளில் மூன்றைப் பாருங்கள், மூன்றும் கண்ணேறுக்குச் சம்பந்தமில்லாதவை.

சேற்றில் பின்சக்கரம் புதைந்தால் சக்கரத்தோடு ஒரு கட்டையைக் கட்டி முன்னால் ஏற்றப் பார்ப்பது. சக்கரம் சுழல முடியாமல் பிடிபட்டால், எஞ்சினின் விசை வண்டியின் உடம்பையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் மேலே எழுந்து பின்னால் கவிழ ஒன்றரை விநாடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்க நேரம் இல்லை. பின்னோக்கி எடுத்துப் பாருங்கள், மண்ணை வெட்டுங்கள், வேறு வண்டியால் தாழ்ந்த கொக்கியில் மாட்டி இழுங்கள்.

அடுத்தது பி.டி.ஓ. தண்டு, அதாவது எஞ்சினின் விசையைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது. வேட்டி நுனியோ துண்டோ புடவை முந்தானையோ மாட்டினால் ‘ஐயோ’ என்பதற்குள் ஆள் சுற்றப்பட்டுவிடுவார். பிளாஸ்டிக் உறையை ‘கிரீஸ் அடிக்க இடைஞ்சல்’ என்று கழற்றி எறிந்த வண்டிகளே அதிகம். மூன்றாவது, மட்கார்டில் பிள்ளைகளை ஏற்றுவது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

எலுமிச்சை வைப்பது விபத்தை வரவழைக்காது. எலுமிச்சை வைத்தாயிற்று என்ற தைரியத்தில் உறையை மாட்டாமல் விடுவதில்தான் வரும்.

‘பழகுன வேலை’

மேலே சொன்னவற்றில் முனியும் கன்னிமாரும் கொன்றதைவிட, ‘முப்பது வருசமா இப்படித்தான் செய்யறேன், எனக்கு ஒண்ணும் ஆகலை’ என்ற வாக்கியம் கொன்றது அதிகம் என்பது எங்கள் துணிபு. இதுவும் மேலே பார்த்த 85 பேர் கணக்குதான். ஒவ்வொரு முறையும் தப்பிப்பது திறமையாகத் தெரிகிறது. இதோடு ஆண்மை சேர்ந்தால் இன்னும் கெட்டி. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டம் கூடும் நாடு இது. கையுறை மாட்டியவரை ‘என்னப்பு, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பிட்டியா’ என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஊரில் மதிப்புள்ள ஒரு மூத்தவர் முதலில் மாட்டிக்கொண்டால் அந்தக் கேலி ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். அதனால் பயிற்சி கொடுப்பவர்கள் இளைஞர்களை விட்டுவிட்டு அந்த மூத்தவரை முதலில் பிடிப்பது புத்திசாலித்தனம்.

சடங்கைப் பிடித்துக்கொள்வது

புதிதாக ஒரு வழக்கத்தை உண்டாக்குவது கடினம். இருக்கும் சடங்கில் ஒரு வேலையைச் சேர்ப்பது எளிது. நல்லேர் பூட்டும் அன்று ஏரையும் கொழுவையும் பார்ப்பதுபோல வீட்டு முதலுதவிப் பெட்டியையும் டார்ச் பேட்டரியையும் பார்க்கலாம். புரவி எடுப்புக்கு ஊர் கூடும்போது, பாம்புக்கடிக்கு எந்த மருத்துவமனை, அங்கே விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா, ராத்திரியில் யாருடைய வண்டி என்பதை முடிவு செய்து கோயில் சுவரில் எழுதிவிடலாம்.

ஆயுதபூசைக்கு மோட்டார் கொட்டகையைச் சுத்தம் செய்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். ராத்திரியில் ஈரக் கையோடு தொடும் பெட்டி அது; ரப்பர் செருப்பு போட்டால் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கையை நனைந்து தேய்ந்த செருப்பு காப்பாற்றாது. கோடையில் இந்தச் சரளை மண் உலர்ந்து எர்த் வேலை செய்யாமல் போகும். அதனால் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிவையுங்கள். பெட்டிக்கு முன், கரண்ட் கசிந்தால் தானாகவே அணைத்துவிடும் 30 மில்லியாம்ப் கசிவு மின்தடுப்பான் (ஆர்.சி.சி.பி.) ஒன்று மாட்டியிருக்க வேண்டும். பொட்டு வைத்து, சூடம் காட்டி, மின்சாரம் இருக்கும்போது அதன் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் பொரிகடலை கொடுப்பதற்கு முன்னால் எலக்ட்ரீசியனுக்குப் போன் போடுங்கள்.